பங்காளி கட்டியதே சட்டம்

எங்கள் கம்பெனிக்குச் சட்டம் தெற்குக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டித்தான் வரும். அரசிதழில் அச்சாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தளத்தில் ஏறுவது, அதை யாராவது உட்கார்ந்து படிப்பது என்பதெல்லாம் மற்றவர்களுக்கான ஏற்பாடு. பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் பவுண்டரி வரும். இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றி பம்பு செட்டுக்கான பாகங்களை வார்க்கும் இடம். இங்கே, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் நகர்ந்தால்தான் நாட்டில் ஏதோ ஒரு விதி மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பக்கம் இருப்பதும் பவுண்டரிதான். அதன் முதலாளி மருதாசலம். இந்தப் பக்கத்து முதலாளி கதிர்வேல். இரண்டு பேரும் பங்காளிகள். ஒரே பூமியை இரண்டாகப் பிரித்து, நடுவில் சுவர் வைத்து, ஒரே தொழிலைச் செய்பவர்கள். குலதெய்வக் கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்குக் கட்டுவது என்பதில் பேச்சு நின்றுபோனது. பேச்சுதான் நின்றதே தவிர, கவனிப்பு நிற்கவில்லை. தினமும் பேசிக்கொள்ளும் அண்ணன் தம்பிகளிடம்கூட அவ்வளவு கவனிப்பை நான் பார்த்ததில்லை. ஒருவர் புகைபோக்கியை உயர்த்தினால் மற்றவர் ஒரு அடி கூட்டி உயர்த்துவார். ஒருவர் வேப்பங்கன்று நட்டால் மற்றவர் புங்கன் வரிசையே நடுவார்.

நான் சண்முகப்பிரியா. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து, கதிர்வேலின் கம்பெனியில் சுற்றுச்சூழல் அலுவலராகச் சேர்ந்தவள். புதிதாக வரும் விதிகளையும் சுற்றறிக்கைகளையும் படித்து, எளிய தமிழில் சுருக்கி, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வேலை. அனுப்பிய ஒரு நிமிடத்துக்குள் கட்டைவிரல் ஒன்று வரும். விஷயம் பெரிதாக இருந்தால் கூப்பிய கைகளும் வரும். அந்தக் கைகள் வந்துவிட்டால் அவர் அதைத் திறக்கவே இல்லை என்று எனக்கு உறுதியாகிவிடும்.

ஏன் படிப்பதில்லை என்று ஒருமுறை நேரிலேயே கேட்டேன்.

"அதெல்லாம் எழுத்துல இருக்கறதுங்க அம்மணி," என்றார் கதிர்வேல். அவர் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். "கவருமெண்டு ஆயிரம் எழுதும். நெசமாலுமே நடைமுறைக்கு வந்துச்சுன்னா மருதாசலம் செஞ்சிருப்பான். அவனுக்குப் போர்டுல ஆள் இருக்குது."

"எந்த ஆளுங்க சார்?"

"அது தெரியாதுங்க. ஆனா இருக்குது. இல்லாட்டி அவன் எப்படி எல்லாத்தையும் எனக்கு முன்னாடியே செய்யறான்?"

பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எப்போதுமே சுலபமாக வரும். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் விஷயம் கட்டைவிரலோடு முடியாது என்று ஆனது. ஐரோப்பாவில் பம்பு செய்யும் ஒரு கம்பெனி எங்களுக்குப் பெரிய ஆர்டர் தருவதாக இருந்தது. அந்த நம்பிக்கையில் கதிர்வேல் இரும்பு உருக்கும் புது ஃபர்னஸ் ஒன்றை நிறுவி, அதற்குச் சந்தனம் பூசி மாலையும் போட்டுவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. அவர்கள் அனுப்பும் தணிக்கையாளர் நேரில் வந்து, மாறிக்கொண்டே இருக்கும் சுற்றுச்சூழல் விதிகளை இந்தக் கம்பெனி எப்படித் தெரிந்துகொள்கிறது, தெரிந்ததை எப்படிச் செய்கிறது என்று பார்ப்பார். அவர் திருப்தி அடையாவிட்டால் ஆர்டர் கிடையாது. மாலை போட்ட ஃபர்னஸ் மாலையோடு நிற்க வேண்டியதுதான்.

அப்போது புதிதாக வந்திருந்த விதி மணலைப் பற்றியது. வார்த்து முடித்த கருமணலைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. சிமெண்டுத் தரையும் கூரையும் போட்ட இடத்தில் வைத்து, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பி, ஒவ்வொரு லோடையும் இணையத்தில் பதிய வேண்டும். எங்கள் மணலோ டிராக்டரில் ஏறி, பின்னால் இருக்கும் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மணலும் அதே ஓடைக்குத்தான். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களும் ஒன்றாகக் கலக்கும் ஒரே இடம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஓடையைப் பார்க்கப் போனேன். தண்ணீர் ஓடிய தடமே தெரியாமல் கறுப்பாக மேடு தட்டியிருந்தது. காற்று அடித்தபோது மேட்டின் மேல்தோல் எழுந்து பக்கத்துத் தென்னந்தோப்பின் மீது படர்ந்தது. கீழ்மட்டைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன. ஓர் ஆடு வந்து மணலை முகர்ந்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனது. சட்டம் எதற்காக என்று கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ஓடைக்குப் போர்டில் ஆள் இல்லை என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் மணல் விதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு முதலாளியின் மேசையில் வைத்தேன். கதிர்வேல் அதன் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கை காட்டினார்.

"அக்கட்டால மணல் இன்னும் ஓடைக்குத்தானுங்க போவுது?"

"ஆமாங்க சார்."

"அப்ப அந்தச் சட்டம் இன்னும் வரலீங்க."

அடுத்த வாரம் ஃபோர்மேன் காளிச்சாமி மூச்சு வாங்க ஓடிவந்தார். உலையைக் கவனிப்பது அவர் வேலை. அதைவிடப் பெரிய பொறுப்பு, பழைய இரும்புக் குவியலின் மீது ஏறி நின்று தெற்கே பார்ப்பது.

"ஏனுங் மொதலாளி, அக்கட்டால குழி வெட்டறாங்க! ஜேசிபி வந்திருக்குது!"

கதிர்வேல் எழுந்து நின்றுவிட்டார். "எந்த எடத்துல?"

"சொவத்த ஒட்டி, கெழக்கு மூலைலீங்க."

"எத்தன ஆழம்?"

"நான் எறங்கினா தலை தெரியாதுங்க."

கதிர்வேல் என் பக்கம் திரும்பினார். "அம்மணி, இந்தக் குழி எந்தச் சட்டத்துல வருது?"

தேடிப் பார்த்தேன். மழைநீர் சேமிப்பு, கழிவுநீர்த் தொட்டி, எதிலும் அந்த அளவுக்குக் குழி இல்லை.

"அப்படி எதுவும் வரலீங்க சார்."

"உங்களுக்கு வந்திருக்காதுங்க," என்றார் ஆறுதலாக. "அவனுக்கு வந்திருச்சு."

மத்தியானமே எங்கள் பக்கமும் ஜேசிபி வந்தது. முந்தைய மாதம் தண்ணீர்க் குழாய் கசிந்ததற்காகத் தோண்டி மூடிய இடத்தையே மறுபடி தோண்டினார்கள். மருதாசலத்தின் குழியைவிட நீளம், அகலம், ஆழம் எல்லாமே கொஞ்சம் கூடுதல். சட்டத்தை மதிப்பதிலும் பங்காளிக்கு ஒரு படி மேலே இருக்க வேண்டும் அல்லவா?

இரண்டு நாள் கழித்து, குழிக்குள் டைல்ஸ் ஒட்டுகிறார்கள் என்று காளிச்சாமி குவியலின் மேலிருந்து அறிவித்தார்.

"என்ன கலருடா?"

"நீலமுங்க. நம்ம ஆபீஸ் கக்கூஸுக்கு வாங்கி அடுக்கியிருக்கோமே, அச்சு அசல் அதே நீலம்."

தணிக்கையாளர் வருகிறார் என்று கழிவறையைப் புதுப்பிக்க வாங்கிச் சுவரோரம் அடுக்கியிருந்த டைல்ஸ் மொத்தமும் குழிக்குள் போனது. கழிவறை சிமெண்டுப் பூச்சோடு நின்றது.

"கலர் கூட செரியா அமைஞ்சுருச்சு பாருங்க அம்மணி. எல்லாம் அங்காளம்மன் செயல்," என்றார் கதிர்வேல்.

டைல்ஸ் ஒட்டி முடித்த கொத்தனார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தண்ணி கிண்ணி உட்டுப்போடாதீங்க. இது உங்களுக்கு அக்கினி மூலை. சொவத்துக்கு அக்கட்டால அவிங்களுக்கு ஈசானியம். அவிங்க உடலாம்."

கதிர்வேல் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "சட்டங்கூட அவனுக்குத் தோதாத்தான் வருது," என்றார்.

அன்று மாலை மெயின் ரோட்டு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வந்து எதிரே நின்றார்.

"ஏனுங்க அம்மணி, கதிர்வேலு கம்பெனில சட்டம் படிக்கற புள்ள நீங்கதானுங்களே?"

மருதாசலம். சுவருக்கு மேல் வெறும் தலையாகவே பார்த்திருந்த மனிதரை முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். தேங்காய் பன் ஒன்று வாங்கி என் பக்கம் நகர்த்தினார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஒன்னே ஒன்னு கேக்கோணும். அந்தக் குழி எதுக்குங்க?"

"எந்தக் குழிங்க?"

"போன மாசம் நீங்க வெட்டினீங்களே, சொவத்தோரமா. வெட்டி, உள்ளாற என்னமோ வெச்சு, மூடிப்போட்டீங்க. அப்புறம் பக்கத்துலயே நீல டைல்ஸ் வந்து எறங்குச்சு. செரி, உள்ளாற ஒட்டறதுக்குத்தான்னு நானும் வெட்டி ஒட்டிப்போட்டேன். இப்பத் தண்ணி உடறதா வேண்டாமான்னுதான் தெரியல. நீங்களும் உடாம இருக்கறீங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "உங்களுக்குப் போர்டுல ஆள் இருக்குதுன்னு எங்க சார் சொல்வாருங்க."

"எனக்கா?" வாய்விட்டுச் சிரித்தார். "எனக்குக் கரண்ட் ஆபீஸ்லயே ஆள் இல்லீங்க. கதிர்வேலு ஒரு படிச்ச புள்ளய வேலைக்கு வெச்சிருக்கறான். அது எந்நேரமும் சட்டம் படிக்குது. அவன் ஒன்னு செஞ்சா காரணம் இல்லாமயா செய்வான்? அதப் பாத்து நான் செஞ்சுக்குவேன். எனக்கெதுக்குங்க தனியா ஒரு ஆளு?"

என் படிப்பை நம்பிய ஒரே மனிதர் இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். ஓடையை நினைத்தேன். வரப்போகும் தணிக்கையை நினைத்தேன். கதிர்வேலுக்கு இன்னும் எத்தனை முறை அனுப்பினாலும் கட்டைவிரல்தான் வரும். ஆனால் இவர் பக்கம் ஒரு செங்கல் நகர்ந்தால்?

"குழாய்க் கசிவுங்க," என்றேன். "அந்தக் குழி அதுக்குத்தான். டைல்ஸ் கக்கூஸுக்கு வாங்கினது."

"சட்டம் இல்லீங்களா?"

"இல்லீங்க."

"அட கெரகமே." கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவன் எதுக்குங்க திருப்பி வெட்டினான்?"

"நீங்க வெட்டினதப் பாத்துங்க."

எனக்கு வாங்கிய பன்னை எடுத்து அவரே தின்னத் தொடங்கினார்.

"நெசமாலுமே ஒரு சட்டம் வந்திருக்குதுங்க," என்றேன். மணல் விதியை முதலிலிருந்து சொன்னேன். அவர் செல்போனைத் தொடவில்லை. "கூரை தகரம் போதுமுங்களா?" என்று கேட்டார். "பதியறது யாரு, நாமளா டிராக்டர்காரனா?" என்று கேட்டார். நான் எழுதிய சுருக்கங்களுக்குள் இப்படிக் கேட்கப்படக் காத்திருந்த கேள்விகள் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த வாரமே தெற்கே சிமெண்டுத் தரை விழுந்தது. தகரக் கூரை ஏறியது. மணல் டிராக்டர் ஓடைப் பக்கம் போகாமல் ரோட்டுப் பக்கம் திரும்புவதைக் காளிச்சாமி தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்.

"அம்மணி!" என்று கதிர்வேல் என் அறைக்கே வந்துவிட்டார். "மணலுக்குச் சட்டம் வந்திருச்சு! உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க சார். அனுப்பியிருந்தேன்."

"அனுப்பறது வேறங்க, சொல்றது வேற," என்றார் வருத்தத்தோடு.

எங்கள் கூரை அவர்களுடையதைவிடப் பெரியதாக எழுந்தது. பதிவுகள் தொடங்கின. எங்கள் டிராக்டரும் ரோட்டுப் பக்கம் திரும்பிய அன்று, வாசலில் நின்று அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தணிக்கைக்கு வந்தவர் ஷ்ரவ்யா, ஆர்.எஸ்.புரத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். மணல் கூரையைச் சுற்றி வந்தார், பதிவுகளைத் திறந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. கிழக்கு மூலையில் நின்றார்.

"இது என்னங்க, நீச்சல் குளமா?"

"இனிமே வரப்போற சட்டத்துக்குங்க மேடம்," என்றார் கதிர்வேல். "முன்கூட்டியே."

ஷ்ரவ்யா எதுவும் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். விதி மாறினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கான பதிலை நான் எழுதிக்கொடுத்திருந்தேன். கதிர்வேல் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டிக் கவசம் சொல்வதுபோல் ஒப்பித்தார். "வாரந்தோறும் எங்கள் சுற்றுச்சூழல் அலுவலர் புதிய விதிகளைத் தொகுத்து அளிக்க, நிர்வாகம் அவற்றை ஆய்ந்து முடிவெடுக்கிறது."

"ரொம்ப நல்லதுங்க. ஒரு உதாரணம் சொல்லுங்களேன். இந்த மணல் விதி உங்களுக்கு எப்படித் தெரிய வந்துச்சு?"

இதற்கு நான் எழுதிக்கொடுத்திருக்கவில்லை. கதிர்வேல் பொய் சொல்லிப் பழகாதவர். கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

"அக்கட்டால பாத்துங்க."

ஷ்ரவ்யாவுக்குப் புரியவில்லை. முதலாளி தடுமாறுகிறார் என்று நினைத்த காளிச்சாமி, விசுவாசத்தோடு இரும்புக் குவியலின் மீது ஏறி, பார்ப்பது எப்படி என்று செய்தே காட்டினார். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மருதாசலத்தின் தலை எழுந்தது. அவர்கள் பக்கமும் ஒரு குவியல் உண்டு.

"வணக்கமுங்க," என்றார் மருதாசலம், ஒரு பெண் நிற்பதைப் பார்த்து.

ஷ்ரவ்யா கெட்டிக்காரர். "வணக்கமுங்க. மணல் விதி உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"அந்தப் புள்ள சொல்லுச்சுங்க," என்று என்னைக் காட்டினார். குரலில் பெருமை. "பேக்கரில வெச்சு வெவரமாச் சொல்லுச்சு. தங்கமான புள்ளைங்க."

கதிர்வேல் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

ஷ்ரவ்யா நியாயமாகவே எழுதினார். விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அது நிர்வாகத்தை வந்தடையும் பாதை மட்டும் வழக்கத்துக்கு மாறானது, அடுத்த வருகைக்குள் சரிசெய்ய வேண்டும். ஆர்டர் கிடைத்துவிட்டது.

கார் கிளம்பியதும் கதிர்வேல் என்னை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"கம்பெனி விசயத்த வெளிய சொல்லிப்போட்டீங்களே அம்மணி."

"அது சட்டமுங்க சார். அரசிதழ்ல வந்தது. யாரு வேணும்னாலும் படிக்கலாமுங்க."

"யாரு வேணும்னாலும் படிக்கட்டுமுங்க. அவன் படிக்கப் படாது." பெருமூச்சு விட்டார். "உங்க மேல கோவமில்ல கண்ணு. எங்க ஊட்டுப் புள்ள மாதிரி நீங்க. நாளைலிருந்து வர வேண்டாமுங்க. வெயிலா இருக்குது, பஸ் ஸ்டாப் வரைக்கும் காளிச்சாமி வண்டில உட்டுருவான்."

நாட்டின் சட்டத்தை வெளியே கசியவிட்டதற்காக வேலையை இழந்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். வண்டி வேண்டாம் என்று நடந்தே வந்தேன். அடுத்த கேட்டில் மருதாசலம் நின்றிருந்தார். அந்தத் தெருவில் செய்தி எப்படிப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இங்க வந்துருங்க அம்மணி. அங்க தந்ததுக்கு மேலயே தாரேன்."

உள்ளே தெரிந்த ஆபீஸைப் பார்த்தேன். இந்தக் கேட்டைத் தாண்டிய நொடியில் இந்த மனிதருக்கு நான் யாராக மாறுவேன் என்பது ஏறக்குறைய தெரிந்தது. ஓடையில் அப்போதுதான் மணல் விழுவது நின்றிருந்தது. அடுத்த விதி வரும்போது இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

"வாரேனுங்க," என்றேன். "ஒரே ஒரு கோரிக்கை. என் மேசை வடக்குச் சொவத்தோரமா இருக்கோணும். சன்னல் தெறந்தே இருக்கோணும்."

"புழுதி வருமுங்களே?"

"பரவால்லீங்க."

எதிர்பார்த்தது இரண்டு மாதத்தில் நடந்தது. முதலில் என் சுருக்கங்களுக்கு மருதாசலம் கேள்விகள் கேட்டார். பிறகு "நல்லதுங்க" என்று எழுதினார். பிறகு கட்டைவிரல். ஆடி மாதத்தில் கூப்பிய கைகள் வந்துவிட்டன.

அன்றிலிருந்து, மௌனமாகப் படித்தே வளர்ந்த நான் வாய்விட்டுப் படிக்கிறேன். காலையில் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, யாரிடமோ செல்போனில் சொல்வதுபோல, புதிய சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து சொல்வேன். சற்று நேரத்தில் சுவருக்கு மேல் காளிச்சாமியின் தலைப்பாகை எழும். பங்காளி பக்கத்துச் சேதி என்பதால், மறுநாளே கதிர்வேல் அங்கே வேலையைத் தொடங்கிவிடுவார்.

போன வாரம் புகைபோக்கியைப் பற்றி ஒன்று வந்தது. புகையை அளப்பவர் ஏறிப்போக இரும்பு ஏணியும் மேடையும் வைக்க வேண்டும். மருதாசலம் என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"அனுப்பியிருந்தீங்களே அம்மணி, பாத்தனுங்க."

"படிச்சீங்களா?"

"பாத்தனுங்க." சன்னல் வழியே எட்டினார். "ஆமா, கதிர்வேலு என்ன பண்றான்?"

"காலைலிருந்து புகைபோக்கிக்கு ஏணி வெக்கறாருங்க."

"அட!" அவர் முகம் மாறியது. "அப்பச் சட்டம் வந்திருச்சுங்களா?" வெல்டரைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே ஓடினார்.

நான் அடுத்த சுற்றறிக்கையை எடுத்தேன். காளிச்சாமி எழுதிக்கொள்ள வசதியாக, ஒவ்வொரு வரிக்கும் நடுவே நிறுத்திப் படிக்கத் தொடங்கினேன்.